பழைய பீர் கெக்கை வாங்கி கரண்ட்ல பீர் காய்ச்சற பாத்திரம் பண்ணலாமா? கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்கால ஒஹாயோல இருக்கேன். வீட்லயே பீர் காய்ச்சறது பழக்கம், குளிர்காலத்துல வெளிய கேஸ் அடுப்பு வெச்சுகிட்டு நிக்க முடியல. ஒருத்தர் பழைய ஸ்டெயின்லெஸ் கெக் (பீர் அடைச்சு வர்ற பெரிய பீப்பாய்) மூணு தலா 40 டாலர்னு தர்றார். மேல்பக்கத்தை வெட்டி, எலிமென்ட் (தண்ணி சூடாக்கற கரண்ட் கம்பி) போட்டு பேஸ்மென்ட்ல வெச்சுக்கலாம்னு பார்க்கறேன். வாங்கலாமா?

பதில்: விலைய விடுங்க, அந்த கெக் யாரோடதுன்னு மொதல்ல பாருங்க. மேல் வளையத்துல ப்ரூவரி பேரு, கூடவே இது எங்க சொத்துன்னு அடிச்சிருந்தா அது விக்கறவரோடது இல்ல. கடையில டெபாசிட் கட்டி எடுத்துட்டு வந்துட்டு "காசு குடுத்துட்டேன்ல"ன்னு நிறைய பேர் சொல்றாங்க, டெபாசிட்ங்கறது திருப்பித் தருவீங்கன்னு புடிச்சு வெச்சிருக்கற பணம், விலை இல்ல. காய்ச்சறதுக்கு சாமான் விக்கற கடைங்கள்ல ரீகண்டிஷன் கெக் கிடைக்கும், இல்லன்னா பக்கத்துல இருக்கற சின்ன ப்ரூவரில நசுங்கினது எதுனா விக்கறீங்களான்னு கேளுங்க, பில்லும் கேட்டு வாங்கிக்கோங்க.

அப்புறம் எதுக்கு மூணு? தண்ணி சூடு பண்ண ஒண்ணு, மால்ட் (முளைகட்டி காயவெச்ச பார்லி) ஊறப் போட ஒண்ணு, கொதிக்க வைக்க ஒண்ணுன்னு வீடியோவுல பளபளன்னு வரிசையா நிக்கும்தான். ஒரு கெக் 15.5 கேலன், அதாவது 58 லிட்டருக்கு மேல புடிக்கும், காலியாவே 13 கிலோ கிட்ட வரும். நீங்க 5 கேலன் 10 கேலன் காய்ச்சறவர்னா ஒரே கெக்குல துணிப்பை போட்டு மால்ட்டை ஊற வெச்சு, பையைத் தூக்கி வடிச்சுட்டு அதுலயே கொதிக்க வெச்சுடலாம். எலிமென்ட் ஒண்ணு, பம்ப் கூட வேண்டாம், மிச்சமாகற காசை எலக்ட்ரிக் சாமான்ல போடுங்க.

வெட்டறதுக்கு முன்னாடி வால்வை அமுக்கி உள்ள இருக்கற கேஸ் முழுசா போயிடுச்சான்னு உறுதி பண்ணிக்கோங்க. பிரஷர் இருக்கறப்ப உள் குழாயோட பூட்டு வளையத்தைக் கழட்டினா அந்தக் குழாய் மூஞ்சிய நோக்கி பாயும், ஆளுங்க அடிபட்டிருக்காங்க. கிரைண்டர் வட்டும் புதுசா இருக்கட்டும், சாதா இரும்பு வெட்டின வட்டால வெட்டினா இரும்புத்தூள் ஸ்டெயின்லெஸ்ல ஒட்டி துரு புடிக்கும், அப்புறம் டூப்ளிகேட் கெக்குன்னு விக்கறவரைத் திட்டுவீங்க.

கேள்வி: எலிமென்ட் 5500 வாட் வாங்கச் சொல்றாங்க. சாதா பிளக்ல ஓடாதா?

பதில்: ஓடாது. வீட்டு 120 வோல்ட் பிளக்ல 1500, 1650 வாட் வரைக்கும்தான் நிம்மதியா எடுக்க முடியும், அது ஒரு தடவைக்கு 5 கேலன் காய்ச்சறதுக்குத்தான் போதும், பொறுமையும் வேணும். 5500 வாட்னா 240 வோல்ட், 23 ஆம்ப் கிட்ட இழுக்கும், அதனால 30 ஆம்ப் லைன். 45 லிட்டர் தண்ணிய 20 டிகிரில இருந்து கொதிக்க வைக்க முக்கால் மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும், அதையே 1650 வாட்ல பண்ணா ரெண்டரை மணி நேரம் தாண்டும்.

துணி காயற மெஷினோட 30 ஆம்ப் பிளக்கைப் பயன்படுத்தறவங்க இருக்காங்க. அது 4 பின் பிளக்கான்னு பாருங்க. பழைய வீடுகள்ல 3 பின் இருக்கும், அதுல தனியா எர்த் கிடையாது, தண்ணியும் இரும்புப் பாத்திரமும் சேர்ற இடத்துக்கு அது ஆகவே ஆகாது. ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் விலை கூடன்னு யாரும் விட்டுடாதீங்க, 5 மில்லிஆம்ப் கசிஞ்சாலே லைனை வெட்டிடும், இந்த மொத்த செட்டப்புல உங்க உயிரைக் காப்பாத்தற முக்கியமான சாமான் அதுதான். லைன் இழுக்கற வேலைய லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கிட்ட குடுத்துடுங்க.

எலிமென்ட் வாங்கறப்ப கம்பி நீளமா மடிச்சு மடிச்சு இருக்கற, வாட் டென்சிட்டி (கம்பியோட பரப்புக்கு எத்தனை வாட்ங்கற கணக்கு) ரொம்பக் குறைவான ரகமா பாருங்க, குட்டைக் கம்பில மால்ட் கஞ்சி கருகி பீர் பூரா தீய்ஞ்ச வாடை அடிக்கும். அடிப்பக்கமும் ஸ்டெயின்லெஸ்ஸான்னு கேளுங்க. வாட்டர் ஹீட்டருக்குன்னு விக்கறதுல நிறைய சாதா இரும்பு அடி, சீக்கிரமே துரு காட்டும். தண்ணி இல்லாம ஒரு தடவை ஆன் பண்ணா போச்சு, புதுசு வாங்கணும்.

கேள்வி: சூட்டைக் கட்டுப்படுத்தற கண்ட்ரோல் பேனல் கிட் ஆன்லைன்ல மலிவா இருக்கே?

பதில்: அதுல வர்ற எஸ்.எஸ்.ஆர். (எலிமென்ட்டை ஆன்-ஆஃப் பண்ற எலக்ட்ரானிக் சுவிட்ச்) மேல 40 ஆம்ப்னு அச்சடிச்சிருக்கும், அச்சடிக்கறதுக்கு என்ன செலவு? யூ.எல்.ங்கற பாதுகாப்புச் சோதனை முத்திரை உள்ள நம்பகமான கடைச் சரக்கா வாங்குங்க, சூட்டை வெளியேத்தற பெரிய ஹீட் சிங்கும் வேணும், ஒரு ஆம்புக்கு ஒரு வாட் கணக்குல அது சூடாகும். இதைவிட முக்கியமா, எஸ்.எஸ்.ஆர். கெட்டுப்போனா பெரும்பாலும் ஆன் ஆன நிலையிலயே ஒட்டிக்கும், டிஸ்ப்ளேல ஆஃப்னு காட்டும் உள்ள கொதிச்சுகிட்டே இருக்கும். அதனால எலிமென்ட்டுக்கு முன்னாடி காண்டாக்டரும் (லைனையே துண்டிக்கற பெரிய ரிலே) கையால திருப்பற மெயின் சுவிட்சும் இல்லாத கிட் எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: இதே செட்டப்பை கோயம்புத்தூர் கொண்டுபோய் வீட்ல காய்ச்சலாமா?

பதில்: கூடாது. தமிழ்நாட்ல 1937 மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம மது தயாரிக்கறது குற்றம், சொந்தத்துக்குன்னாலும் அதேதான். அமெரிக்காலயே 1978ல ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்து போட்டப்புறம்தான் மத்திய சட்டம் வழி விட்டுச்சு, மாநிலங்கள்ல கடைசியா மிசிசிப்பியும் அலபாமாவும் 2013ல ஒத்துகிட்டாங்க. இப்பவும் ஒரு பெரியவங்க இருக்கற வீட்டுக்கு வருஷம் 100 கேலன், ரெண்டு பேர்னா 200, விக்கக் கூடாது.

கேள்வி: இவ்வளவு செலவுக்கு கரண்ட்ல காய்ச்சற பாத்திரத்தை ரெடிமேடாவே வாங்கிடலாமா?

பதில்: 5 கேலன்தான்னா ஆமா, வாங்கிடுங்க. பிரேக்கர், கேபிள், பேனல், வால்வுன்னு கூட்டிப் பாத்தா கெக்குல மிச்சமான காசு எங்க போச்சுன்னே தெரியாது. 10 கேலனுக்கு மேல, அதுவும் கைவேலை புடிக்கும்னா மட்டும் கெக். எதை வாங்கினாலும் பேஸ்மென்ட்ல வெளிய காத்து தள்ற ஃபேனுக்கு இப்பவே காசு ஒதுக்கிடுங்க, 10 கேலன் கொதிச்சா மணிக்கு ஒரு கேலன் போல ஆவியாகும், அத்தனையும் உங்க சீலிங்லதான் போய் உக்காரும்.