அம்மாவின் மாத்திரை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 71 வயது. அப்பா போனபிறகு யாரிடமும் பேசுவதில்லை. மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. இந்த மாத்திரையால் டிமென்ஷியா, அதாவது மறதிநோய், வரும் என்று யூடியூபில் பார்த்துவிட்டு அண்ணன் போன வாரம் நிறுத்திவிட்டார். வயசானால் இதெல்லாம் சகஜம் என்கிறார். நிறுத்தியது சரியா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

சரியில்லை. முதலில் அந்த டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள். இவற்றைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு எல்லாம் வரலாம். அதையும் வயசின் தலையில் கட்டிவிடுவீர்கள். யூடியூபுக்கெல்லாம் நான் பதில் எழுதுவதாக இல்லை.

வயசானால் சகஜம் என்ற பேச்சுதான் எனக்கு ஆறவே இல்லை. என் பெரியப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டபிறகும் பால், கீரை உட்பட வீட்டுக்கணக்கை நோட்டில் எழுதுவார். பெரியம்மா இறந்ததும் நோட்டு நின்றது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றால், “தெரியலப்பா, விடு.” மறதிநோய்தான் என்று வீடே முடிவுகட்டியது. மனநல மருத்துவர் அந்தப் பதிலைத்தான் பிடித்துக்கொண்டார். மறதிநோய் தொடங்கியவர்கள் பெரும்பாலும் எதையாவது சொல்லிச் சமாளிப்பார்கள், இவருக்கு யோசிக்கவே தெம்பில்லை என்றார். மனச்சோர்வே மறதிநோய் மாதிரி வேஷம் போடுவது; கைலோ என்ற மருத்துவர் 1961இலேயே போலி டிமென்ஷியா என்று எழுதிய விஷயம் இது. மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரை வேலை செய்தது. தீபாவளிக்குள் பால்காரரிடம் அரை லிட்டருக்குச் சண்டை போட்டார் பெரியப்பா. சில வருடங்கள் கழித்து நிஜமான மறதிநோயே வந்தது. ஆனால் நடுவில் அவர் அவராக இருந்த வருடங்களைச் சகஜம் என்று சொல்லித் தொலைத்திருப்போமே! நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் பின்தொடரும் வொயிட்ஹால் ஆய்வைப் பாருங்கள். 10,189 பேர், 28 ஆண்டுகள். 2017இல் முடிவு வந்தது. நடுவயதில் மனச்சோர்வு இருந்தவர்களுக்கு டிமென்ஷியா அபாயம் கூடவில்லை, முதுமையில் இருந்தவர்களுக்குக் கூடியது. டிமென்ஷியா வந்தவர்களிடம், அது கண்டுபிடிக்கப்படுவதற்கு 11 ஆண்டுகள் முன்பிருந்தே மற்றவர்களைவிட மனச்சோர்வு கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. நோயே மனச்சோர்வாக முதலில் தலைகாட்டியிருக்கலாம். அப்படியிருக்க, பழியை மாத்திரைமேல் போட்டுவிட்டுக் கையைக் கழுவினால் எப்படி? மாத்திரைக்கு அம்மா தேறுகிறாரா என்று சில வாரங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும். மனம் தேறியும் மறதி போகவில்லை என்றாலோ, மருந்தை மாற்றியும் மனம் அசையவில்லை என்றாலோ நினைவாற்றல் சோதனை செய்யச் சொல்லுங்கள். பார்க்கவே பார்க்காமல் நிறுத்தியதுதான் உங்கள் அண்ணன் செய்த தப்பு. நீங்களும் ஒரு வாரம் சும்மா இருந்திருக்கிறீர்கள்.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை என்றால் வேறு மாற்றலாமா என்று கேளுங்கள், அது வயதானவர்களின் நினைவைக் குழப்பக்கூடியது. புதிய வகை என்றால் ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரை சிலருக்குச் சோடியத்தைக் குறைத்துவிடும், குறைந்தாலும் ஆள் குழம்பிப்போவார்.

அண்ணன் வராவிட்டால் நீங்களே அம்மாவைக் கூட்டிப்போங்கள். பிரஷர், தூக்கம், அரிப்பு என்று வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், அவற்றிலும் நினைவைக் குழப்புபவை இருக்கலாம்.