புனேயிலிருந்து மகளைக் காரில் கூட்டி வருவது பற்றி

வணக்கம் சார். மகள் புனே வேலையை விட்டுவிட்டாள், நீங்களும் மனைவியும் கோவையிலிருந்து காரில் போய்ச் சாமான்களோடு அழைத்து வரப் போகிறீர்கள், திரும்பும்போது ஒரே மூச்சில் ஓட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம் சார். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். பாதி வழியில், கர்நாடகாவில் இருக்கிற தாவணகெரேயில் ராத்தங்கிவிடுங்கள். மறுநாள் பெங்களூர் ஊருக்குள் நுழையாமல் நைஸ் ரோட்டைப் பிடித்து ஓசூர் ரோட்டுக்கு வந்துவிடலாம். தர்மபுரி தாண்டினதும் தொப்பூர் இறக்கம் வரும். லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுகிற இடம். பாரம் ஏற்றிய வண்டி, பகலிலேயே, குறைந்த கியரில் இறங்குங்கள்.

கட்டில், மெத்தையை அங்கேயே விற்றுவிடுங்கள். ஸ்கூட்டரை ரயில் பார்சலில் போடலாம். ஆனால் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய புனே ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். என் பையனை ஹைதராபாத்திலிருந்து இப்படித்தான் கூட்டி வந்தோம். மிக்ஸி என் மனைவி மடியில். அவன் பின் சீட்டில், குக்கருக்கும் தலையணை மூட்டைக்கும் நடுவில். கர்னூல் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு நெஞ்செல்லாம் கேள்விதான், ஆனாலும் கேட்கவில்லை. அனந்தபூர் பக்கம் டீக்கு நிறுத்தினபோது, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனாகவே எல்லாவற்றையும் சொன்னான்.

"அடுத்து என்ன செய்யப்போகிறாய்" என்பதை மட்டும் வண்டியில் கேட்காதீர்கள் சார். அவளுக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொல்லுங்கள். கிளம்பும் தேதி முடிவானதும் எழுதுங்கள்.