பழைய பேய்க்கு ஏன் சிரிப்பு வருகிறது?

கேள்வி: உலகின் முதல் பேய்ப் படம் எது?

பதில்: பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் மெலியஸ் 1896-இல் எடுத்த மூன்று நிமிடப் படத்தைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். கோட்டைக்குள் ஒரு வௌவால் பறந்து வரும், சட்டென்று சாத்தானாக மாறிவிடும். மெலியஸ் அடிப்படையில் மேடை மாயவித்தைக்காரர். பயமுறுத்துவதைவிட வித்தை காட்டுவதில்தான் அவருக்கு ஆசை.

கேள்வி: 1920, 30-களில் வந்த படங்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. இதற்கா அந்தக் காலத்தில் நடுங்கினார்கள்?

பதில்: சிரியுங்கள், தப்பில்லை. நானும் பல இடங்களில் சிரித்திருக்கிறேன். ஆனால் நமக்குச் சிரிப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள், பேயை வெளிச்சத்தில் முழுசாகக் காட்டும்போதுதான். 1922-இல் வந்த ‘நொஸ்ஃபெராட்டு’வில் ரத்தம் குடிக்கும் பேய் படியேறும்போது சுவரில் நிழல் மட்டும் ஊர்ந்து போகும், நூறு வருஷம் கழித்தும் அந்த நிழலைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. (டிராகுலா நாவலை அனுமதி வாங்காமல் எடுத்த படம் அது. நாவலாசிரியரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லி உத்தரவு வாங்கினார். அப்படியும் சில பிரதிகள் தப்பிவிட்டன. சாகாத பேயைப் பற்றிய படமாயிற்றே!)

1942-இல், கருஞ்சிறுத்தையாக மாறும் பெண்ணின் கதையான ‘கேட் பீப்பிள்’ எடுத்தவர்களிடம் பணம் குறைவு, அதனால் கருஞ்சிறுத்தையைப் பெரும்பாலும் இருட்டிலேயே ஒளித்துவைத்தார்கள். இரவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள், பின்னால் காலடிச் சத்தம், திடீரென்று அது நின்றுபோகிறது, என்ன ஆயிற்றென்று அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட, சீறிக்கொண்டு வந்து நிற்கிறது... ஒரு பேருந்து! இன்றைக்குத் திகில் படங்களில் நம்மைச் சீட்டைவிட்டுத் துள்ளவைக்கும் உத்திக்கெல்லாம் பாட்டி இந்தக் காட்சிதான்.

கேள்வி: பாழடைந்த கோட்டையை விட்டுப் பேய் எப்போது வீட்டுக்குள் வந்தது?

பதில்: 1960-இல் ‘சைக்கோ’ வந்தபோது பேயே தேவைப்படவில்லை, சாலையோர விடுதியை நடத்தும் சாதுவான பையனே போதும் என்றாகிவிட்டது. (குளியலறையில் ஓடும் ரத்தம் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியும்?) அப்புறம் 1973-இல் ‘எக்ஸார்சிஸ்ட்’, ஒரு சிறுமியின் படுக்கையறைக்குள்ளேயே பிசாசைக் கொண்டுவந்தது. மூச்சு ஆவியாகத் தெரிய வேண்டும் என்று அந்த செட்டையே உறைகிற குளிருக்குக் கொண்டுபோனார்கள்.

ஆளைத் தின்னும் சுறாவைப் பற்றிய ‘ஜாஸ்’ (1975) திகில் படமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் சேர்த்துக்கொள்வேன். இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி மக்கர் பண்ணியதால், படம் பாதியைத் தாண்டும்வரை இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதைச் சரியாகக் காட்டவே இல்லை. அந்தச் சுறா ஒழுங்காக வேலை செய்திருந்தால் படம் கெட்டிருக்கும் என்பது என் கட்சி.

கேள்வி: கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் வந்த பிறகு பயம் கூடியிருக்கிறதா?

பதில்: எனக்குக் குறைந்துதான் போனது. 1999-இல் ‘பிளேர் விட்ச் புராஜெக்ட்’ நடிகர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்து, கடைசிவரை சூனியக்காரியைக் காட்டாமலே ஜெயித்தது. அதற்கு முந்தைய வருஷம் வந்த ஜப்பானின் ‘ரிங்கு’வில், டிவியிலிருந்து வெளியே வரும் பேய்ப் பெண்ணுக்கு கிராபிக்ஸ் உடம்பு கிடையாது. நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டு, அந்தக் காட்சியைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த நடையைப் பார்த்தாலே வயிறு கலங்கும்.

கேள்வி: ராத்திரி தனியாகப் பார்க்க ஒரு படம் சொல்லுங்கள்.

பதில்: ‘ரிங்கு’வே பாருங்கள். டிவியில் வேண்டாம், செல்போனில். வெளியே வர அவளுக்கு இடம் போதாது.