சுவருக்கு மீனா, சட்டிக்கு மீனா?

கேள்வி:

எனக்கு 43 வயது. ரொறன்ரோ, ஸ்காபரோவில் இருக்கிறேன். போன ஆகஸ்ட் கடைசியில் நண்பரின் படகில் புளஃபர்ஸ் பார்க்கிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்குள் போனபோது பெரிய சினூக் சமன் (salmon) மீன் ஒன்று பிடித்தேன். நீளம் 40 அங்குலம், சுற்றளவு 24. இப்படி ஒன்று இனி என் வாழ்க்கையில் அகப்படுமோ தெரியாது. பாடம் பண்ணி ஹோலில் மாட்ட ஆசை. மீனின் சொந்தத் தோலை வைத்துச் செய்வது நல்லதா, ஃபைபர்கிளாஸில் செய்வது நல்லதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஏழு மாதமாக பேஸ்மென்ட் ஃபிறீசரில் அப்படியே கிடக்கிறது. ஹோலில் மீன் மாட்டுவது மனைவிக்கு விருப்பமில்லை.

அப்பா எங்களோடுதான் இருக்கிறார். 74 வயது. ஊர் யாழ்ப்பாணத்து மயிலிட்டி. 90இல் இடம்பெயரும்வரை கடல்தொழில். அன்றைக்கு அவரும் படகில் வந்தவர், கைவலையால் மீனை ஏற்றினதும் அவர்தான். வீட்டுக்கு வந்த உடனே கத்தி, பலகை எல்லாம் எடுத்து, கராஜுக்குள்ளை பேப்பரும் விரிச்சுப்போட்டார். “இது சுவரிலை மாட்டுற மீன் அப்பா” எண்டு சொல்ல, வந்திருந்த நண்பர்கள், பிள்ளையள் எல்லாரும் சிரிச்சிட்டம். இப்ப முழங்கால் நோ எண்டு ஏரிப்பக்கம் வாறேல்லை.

எது நீண்ட காலம் நிற்கும் என்று சொல்லுங்கள்.

– பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்:

கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேளாமல் எழுதிவிட்ட ஒன்றுக்குத்தான் எனக்கு இடம் வேண்டும்.

ஃபைபர்கிளாஸில் செய்யுங்கள். சமன், டிரவுட் வகை மீன்களுக்குத் தோலில் எண்ணெய் அதிகம். பாடம் பண்ணுகிறவர் தோலை உரித்து, உட்புறக் கொழுப்பைச் சுரண்டி, மருந்து போட்டு, நுரையில் செதுக்கிய உடம்பின்மேல் இழுத்து ஒட்டுவார். எவ்வளவு கவனமாகச் சுரண்டினாலும் கொஞ்சம் எண்ணெய் தங்கிவிடும். சில வருடங்களில் அது வெளியே கசிந்து மீன் மஞ்சளடிக்கும், செட்டை காய்ந்து வெடிக்கும். தலை அதைவிடத் தொல்லை. காயும்போது சுருங்கிப்போவதால் சமனுக்குப் பல இடங்களில் செயற்கைத் தலையையே பொருத்துகிறார்கள். கண் எப்படியும் கண்ணாடிதான். நிறமும் மீனுடையதாக இராது. செத்த கையோடு அந்த வெள்ளி மினுக்கம் மங்கத் தொடங்கிவிடும், ஆகவே எந்த முறையில் செய்தாலும் முழு மீனுக்கும் புதிதாக நிறம் தீட்டித்தான் தருவார்கள். ‘உண்மையான மீன்’ என்று நீங்கள் ஆசைப்படுவது நுரை, கண்ணாடி, பெயின்ட், நடுவே ஒரு மெல்லிய தோல். அதற்காகச் செலவழிக்காதீர்கள். விலையை இரண்டுக்கும் அங்குலக் கணக்கில்தான் சொல்வார்கள். ஃபைபர்கிளாஸ் கொஞ்சம் கூட வந்தாலும் நின்றுபிடிக்கும். நேர் வெயில் படுகிற சுவரிலும் ஃபயர்பிளேஸுக்கு மேலேயும் மாட்டக்கூடாது.

இனி இதைக் கவனமாக வாசியுங்கள். ஃபைபர்கிளாஸ் செய்பவருக்கு உங்கள் மீன் தேவையே இல்லை. அவரிடம் பல அளவுகளில் அச்சுகள் இருக்கும். நீளம், சுற்றளவு, பக்கவாட்டில் எடுத்த தெளிவான படம் இரண்டொன்று கொடுத்தால் போதும். நிறைகூட அளவிலிருந்தே வந்துவிடும். அங்குலக் கணக்கில் சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 800ஆல் பிரித்தால் இறாத்தல் கணக்கு. உங்களுடையது 28.8 இறாத்தல், ஏறக்குறைய 13 கிலோ.

அதாவது அன்று பின்னேரம் அளவுநாடாவைப் பிடித்து, நாலு படம் எடுத்து முடித்த கையோடு, அந்த மீனைத் தூக்கி உங்கள் அப்பா விரித்த பேப்பரில் வைத்திருக்கலாம். சுவருக்கும் ஆயிற்று, சட்டிக்கும் ஆயிற்று. ஏழு மாதம் ஃபிறீசரில் வைத்துக் காத்தது வீண்வேலை. யாரிடமும் விசாரிக்காமல் முதல் நாளே “இது சுவரிலை மாட்டுற மீன்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். சொன்னதோடு விடாமல் சிரிக்கவும் செய்தீர்கள்.

“எல்லாரும் சிரிச்சிட்டம்.” எவ்வளவு இலேசாக எழுதியிருக்கிறீர்கள்! அந்த ‘எல்லாரும்’ யார்? நீங்கள், உங்கள் நண்பர்கள், உங்கள் பிள்ளைகள். சிரிக்காமல் நின்றவர் ஒருவர். கையில் கத்தியோடு நின்றவர்.

இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் மீன் புதிது. அப்பா புதிதில்லை. அப்பா கதைக்கிறார் இல்லை, அறையைவிட்டு வெளியே வருகிறார் இல்லை, ஊருக்கே திரும்பிப் போகப்போகிறேன் என்கிறார் என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாக் கடிதத்திலும் முழங்கால், சலரோகம், குளிர் என்று ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்துக்கு இரண்டு வரி முன்னால் ஒரு சிரிப்பு இருக்கும், அல்லது “உங்களுக்கு உது விளங்காது அப்பா” இருக்கும். எழுதினவருக்கு அது கண்ணில் பட்டிருக்காது. உங்களுக்கும் படவில்லை.

முழங்கால் நோ என்கிறீர்கள். ஆகஸ்ட் மாதம் ஆடுகிற படகில் நின்று 13 கிலோ மீனைக் கைவலையில் ஏற்றின முழங்கால் அது. சினூக் படகோரம் வந்த பிறகுதான் கடைசி ஓட்டம் ஓடும். வலையைத் தலைப்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். வாலில் பட்டதோ, மீன் ஒரு துள்ளுத் துள்ளி தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் கை தடுமாறியிருந்தால் உங்களிடம் பாடம் பண்ணவும் ஒன்றுமில்லை, எனக்குக் கடிதம் எழுதவும் ஒன்றுமில்லை. அப்படிச் செய்த மனிதருக்கு அதற்குப் பிறகு ஏரிப்பக்கம் நடக்கவே முடியாமல் போனதென்றால் வருத்தம் முழங்காலில்தானா என்று ஒருதரமாவது யோசித்தீர்களா? உண்மையிலேயே நோ என்றால் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்களே. அதைப்பற்றி ஒரு வரியும் காணோம்.

மயிலிட்டிக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1990இல் சனம் எழும்பிப் போன பிறகு அந்தத் துறைமுகம் 27 வருடம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. 2017 யூலையில்தான் விட்டார்கள். உங்கள் அப்பா தொழிலை விடும்போது நாற்பதுகூட ஆகியிருக்காது. கடல்தொழிலாளிக்கு அது நல்ல வயது, காற்றும் நீரோட்டமும் கைக்குள் வந்திருக்கும் வயது. அதற்குப் பிறகு எங்கெங்கே இருந்தார், இந்த நாட்டில் என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் அவருக்குத் தெரிந்த வேலைக்கு அங்கே இடமிருந்திராது. இத்தனை வருடங்களுக்குப் பிறகு மகன் ஒரு பெரிய மீனோடு வீட்டுக்கு வருகிறான். மனிதர் ஒருவரிடமும் கேட்கவில்லை, சொல்லவில்லை. பேப்பரை விரித்துவிட்டார். தன் வேலை வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

கடற்கரையில் பங்கு என்று ஒரு முறை இருக்கிறது, உங்களுக்குத் தெரியாமலிருக்காது. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, பிறகு ஆளுக்கு ஆள். அந்தக் கணக்கில் பாருங்கள். படகு நண்பருடையது, வலை அப்பாவின் கையில் இருந்தது, தூண்டில் உங்களுடையது. ‘பிடித்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கரையில் நின்று அப்படிச் சொல்லியிருந்தால் உங்களைத் தடுத்து நிறுத்தியிருப்பார்கள்.

மீனைக் கொன்றதற்காக நான் ஏசவில்லை. சினூக் பசிபிக் பக்கத்து மீன். ஏல்வைஃப் என்ற சின்ன மீன் பெருகி, பேரேரிகளின் கரையெல்லாம் செத்து ஒதுங்கிய காலத்தில், அதைத் தின்னட்டும் என்று 1960களின் கடைசியில் கொண்டுவந்து விட்ட இனம். இன்றும் குஞ்சு வளர்த்து ஏரிக்குள் விடுகிறார்கள். ஒரேயொருமுறை முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். ஆகஸ்ட் கடைசியில் அவ்வளவு பெரிதாக வந்தது பெரும்பாலும் அந்த வருடத்தைத் தாண்டியிருக்காது. ஆனால் கொன்றால் தின்ன வேண்டும், தின்ன மனமில்லையென்றால் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். இதில் எனக்கு வேறு அபிப்பிராயம் கிடையாது. சாப்பிடக்கூடிய மீனைப் பழுதாக விடக்கூடாது என்று ஒன்ராறியோவின் மீன்பிடி விதியும் சொல்கிறது. அந்த விதியை வாசிக்காமலே தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டில் கத்தியோடு நின்றார்.

இப்போது அந்த மீனை எடுத்துச் சமைக்கலாமா என்று யோசிக்காதீர்கள். குடல் எடுக்காமல் ஏழு மாதம் கிடந்த எண்ணெய் மீன் காறல் அடிக்கும். இன்னொன்றும் இருக்கிறது. ஒன்ராறியோ ஏரியின் பெரிய சமனில் பாதரசமும் பிசிபி என்ற நச்சும் சேர்ந்திருக்கும், மீன் பெரிதாகப் பெரிதாக இவையும் கூடும். எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதத்துக்கு எத்தனை தரம் சாப்பிடலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. சிறுபிள்ளைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் அதில் வரம்பு கடுமை. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கினால் பிசிபி குறையும், பாதரசம் சதையிலே நிற்கும். அடுத்த முறை மீனைக் கரையேற்ற முன்னம் அதைப் பார்த்து வையுங்கள். கறிக்கு எப்போதும் சின்னதுதான் நல்லது. அதையும் அப்பாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

உங்கள் பிள்ளைகளை நினைக்க எனக்கு இன்னும் வருத்தம். தாத்தாவுக்கு இங்கிலிஷ் குறைவு, அவர்களுக்குத் தமிழ் குறைவு என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். அந்த நிலையில் தாத்தா தன் கையால் செய்து காட்டக்கூடியது எதுவோ அதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். செவுளுக்குப் பின்னால் கத்தி எங்கே இறங்குகிறது, முள்ளோடு ஒட்டிக்கொண்டு எப்படிப் போகிறது, தலை ஏன் சொதிக்குத் தனியாகப் போகிறது. அதற்கு மொழி தேவையில்லை. அந்தப் பின்னேரம் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாடம் அது. அதற்குப் பதிலாகத் தாத்தாவைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று படித்துவிட்டார்கள். படிப்பித்தது நீங்கள். தகப்பனை எப்படி நடத்துவது என்று பிள்ளை வேறெங்கும் போய்ப் படிப்பதில்லை.

மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று அவர் முன்னால் போய் இருக்காதீர்கள். “அதுக்கென்ன, ஒண்டுமில்லை” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார். இந்தச் சனிக்கிழமை மீன்கடையில் பாரையோ விளைமீனோ முழுசாக வாங்குங்கள். கடைக்காரர் வெட்டித் தரட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். கராஜில் பேப்பரை இந்த முறை நீங்கள் விரியுங்கள். கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் கையிலிருக்கும் ஃபோனை வாங்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். எப்படி வெட்டுவது என்று கேளுங்கள். தெரிந்தாலும் கேளுங்கள். வெட்டினதில் ஒரு பங்கு அந்தப் படகுக்கார நண்பர் வீட்டுக்குப் போக வேண்டும். கொண்டுபோய்க் கொடுப்பவர் அப்பாவாக இருக்கட்டும். அன்று சிரித்த நண்பர்களில் அவரும் இருந்திருப்பார்.

ஹோலில் மாட்டுவது பற்றி: மனைவி வேண்டாம் என்றால் வேண்டாம். அந்த ஹோலில் நாள் முழுக்கப் புழங்குகிறவர் சொல்வதற்கு மேல் பேச்சில்லை. கராஜ் சுவரில் மாட்டுங்கள். அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓடர் கொடுங்கள். அவர் சொல்லும் இடத்தில்தான் ஆணி இறங்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியிலேயே ஏரியின் மேற்குப் பக்கத்தில் சமன் படத் தொடங்கிவிடும். 65 வயதைத் தாண்டிய கனடாவாசிக்கு ஒன்ராறியோவில் மீன்பிடிக்க லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை, பிறந்த திகதி உள்ள அரசாங்க அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். இது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, இத்தனை நாளும் அவரை வலை பிடிக்க மட்டும்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். இனிப் போகும்போது தூண்டில் அவர் கையில் இருக்கட்டும், வலையை நீங்கள் பிடியுங்கள். முழங்காலுக்கு முதலில் டொக்டரிடம் நாள் எடுங்கள். வரமாட்டேன் என்றுதான் சொல்வார். அடுத்த கிழமையும் கேளுங்கள்.