பில் தராத கடை, இறங்காத பிரேக் பேட்

கேள்வி: உதிரிப் பாகங்களாக, கிட்டாக வாங்கி நானே கோத்த இரண்டு சீட்டு கார் வைத்திருக்கிறேன். எடை 600 கிலோவுக்குள்தான். முன்சக்கரங்களில் நான்கு பிஸ்டன் காலிப்பர் (பிரேக் பேடைப் பிடித்து அழுத்தும் பாகம்). ரோட்டில் ஓட்டுவதில்லை, ட்ரெய்லரில் ஏற்றி, வேலந்தாவளம் வழியாகச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய் ஓட்டுவேன். பேட் தேய்ந்ததால் கோவையில் ஒரு கடையில் புது செட் கேட்டேன். "இது ரேஸ் பேட், இதைவிட நல்லது கிடையாது" என்று கொடுத்தார்கள். ஜிபேயில் பணம் கட்டினேன், பில் தரவில்லை. மூன்று பேட் சரியாக இறங்குகிறது, ஒன்று மட்டும் காலிப்பருக்குள் போகவே மாட்டேன் என்கிறது. விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். என்ன செய்வது? பேடை நானே மாற்றலாமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில், அந்த பேடை அரத்தால் ராவி உள்ளே தள்ளிவிடாதீர்கள். அரம் பட்டுவிட்டால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று கடைக்காரர் சொல்ல வழி கிடைத்துவிடும்.

குறை பேடிலா, காலிப்பரிலா என்று முதலில் தெரிய வேண்டும். பேட் உட்காரும் இடத்தில் கறுப்புத் தூளும் துருவும் இறுகிப்போயிருக்கும். அதைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அப்புறம் அந்த பேடை மற்ற மூன்று இடங்களிலும் வைத்துப் பாருங்கள். எங்கேயும் இறங்கவில்லை என்றால் குறை பேடில். அந்த ஓர் இடத்தில் மட்டும் எந்த பேடுமே இறங்கவில்லை என்றால் குறை காலிப்பரில். கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை. வெர்னியர் அளவுகோலால் நான்கு பேடின் பேக் பிளேட், அதாவது பின்பக்க இரும்புத் தகட்டின் நீளத்தையும் அளந்து, ஸ்கேலில் எண் தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்தான் குறை என்றால் சட்டம் உங்கள் பக்கம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். ஜிபே பதிவு பணம் கட்டியதற்குச் சான்று, அதை அழித்துவிடாதீர்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் வழக்குதான். கடை கோவையில் இருக்கிறதே என்று நீங்கள் அலைய வேண்டாம். குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆனால் மாற்று பேட் வாங்கும்போது "ரேஸ்" என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். என் மனதை உறுத்துவது இதுதான். முழு ரேஸ் பேட் நன்றாகச் சூடேறிய பிறகுதான் பிடிக்கும். உங்கள் வண்டியோ இறகு மாதிரி. அதை நிறுத்த அவ்வளவு சூடே பிறக்காது. முதல் சுற்றின் முதல் வளைவில் பெடலை மிதித்தால் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். குளிரிலேயே பிடிக்கிற, ரோட்டுக்கும் டிராக்குக்கும் பொதுவான பேட் கேளுங்கள். பேடின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்பது போல இரண்டு எழுத்து இருந்தால் பாருங்கள்: முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும் இரண்டாவது கடும் சூட்டிலும் உள்ள பிடிப்பு. எஃப் என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. கிட் காருக்கு மாடல் பெயர் சொல்லிக் கேட்க முடியாது. காலிப்பரில் இருக்கும் கம்பெனி எண்ணைச் சொல்லுங்கள். வில்வுட், ஏபி ரேசிங் போன்ற கம்பெனிகளின் காலிப்பருக்கெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் பேட் வரும். அந்த எண்ணை பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

நீங்களே மாற்றலாம். இத்தகைய காலிப்பரில் பெரும்பாலும் பின்னையும் ஸ்பிரிங்கையும் எடுத்தால் பேட் மேலாக வந்துவிடும். காலிப்பரைக் கழற்ற வேண்டியதில்லை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போடுங்கள். ஒரு பக்க பேடை எடுக்கும்போது எதிர்ப்பக்கப் பழைய பேட் அப்படியே இருக்கட்டும். இல்லாவிட்டால் இந்த பிஸ்டனைத் தள்ளத் தள்ள அந்த பிஸ்டன் வெளியே வந்து விழும். பல பெர்ஃபார்மன்ஸ் காலிப்பர்களில் பிஸ்டனுக்கு ரப்பர் உறை இருக்காது. வெளியே தெரியும் பளபளப்பான ஓரத்தில் ஒட்டிய கரியை பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைத்த பிறகே உள்ளே தள்ளுங்கள். கரியோடு தள்ளினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கீறிப்போகும். பெட்ரோல், மண்ணெண்ணெய் கூடவே கூடாது, சீல் ஊதிவிடும். பிஸ்டன் உள்ளே போகப் போக பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஏறும். வழிந்து பெயின்ட்டைத் தின்பதற்குள் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சிவிடுங்கள்.

மழைக்காலம் முழுக்க வண்டி நின்றிருந்தால் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி; ஈரம் ஏறிய பின் 155 வரை இறங்கலாம்.

எல்லாம் கோத்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் சில மிதிக்கு அது தரை வரை போகும். பிறகு 60 வேகத்திலிருந்து 10 வரை, முழுக்க நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை பிரேக் போட்டுவிட்டு ஆற விடுங்கள்.