'மிஸ்டர் ரோபோட்' தொடரில் எலியட் மனதைப் பற்றிப் பேசும்போது 'டீமன்', 'கெர்னல் பேனிக்' என்கிறானே, அதெல்லாம் என்ன?

2015 முதல் 2019 வரை வந்த அமெரிக்கத் தொடர் அது. ராமி மாலெக் நடித்த எலியட் ஒரு ஹேக்கர், மனிதர்களோடு பழகத் தெரியாதவன். அதனால் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே மொழியில், அதாவது கணினி மொழியில், தன் மனதையும் விளக்கிக்கொள்கிறான்.

டீமன் என்பது நாம் எதையும் அழுத்தாமலே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம். வீட்டு ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் தானாக ஓடி தானாக நிற்கிறதே, யாரும் கவனிப்பதில்லை, ஆனால் அது ஓடவில்லை என்றால் பால் திரிந்துவிடும், அந்த மாதிரி. எலியட்டுக்குப் பழைய பயங்களும் அப்பாவின் நினைவும் அப்படித்தான் உள்ளே ஓடுகின்றன. முடிவுகளைத் தான்தான் எடுப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருப்பான், பாவம்.

கெர்னல் பேனிக் வேறு. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் சமாளிக்க முடியாத பிழையைச் சந்தித்தால், மேலும் சேதம் வராமலிருக்க எல்லாவற்றையும் நிறுத்திவிடும். இரண்டாம் சீசனில் தன் தலைக்குள் மட்டும் இருக்கும் மிஸ்டர் ரோபோட் என்ற ஆளை விரட்ட அடரால் என்ற ஊக்க மாத்திரைகளை விழுங்கி, நாள்கணக்கில் தூங்காமல் கிடந்து, கடைசியில் சரிகிறானே, அதுதான் இது. தொடரிலேயே இந்த உவமை மிகச் சரியாகப் பொருந்திய இடம் என்பேன்.

அப்புறம், கணினி உவமை எல்லா இடத்திலும் பொருந்தாது. நினைவு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் ஃபைல் போல மாறாமல் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது, கட்டும்போது கொஞ்சம் மாற்றியும்விடலாம்.