வேலையை விடாமல் முனைவர் பட்டம்: கேர் ஹோமில் இருக்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே. இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில் (முதியோர் பராமரிப்பு இல்லத்தில்) நர்ஸ் வேலை, ஸ்கில்டு வொர்க்கர் விசா (முதலாளி ஸ்பான்சர் செய்யும் வேலை விசா), இந்தியாவில் முடித்த எம்.எஸ்சி. நர்சிங். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக பிஎச்.டி. சேர்வதா, வேலையோடு புரொஃபெஷனல் டாக்டரேட் (தொழில்சார் முனைவர் பட்டம்) செய்வதா, இப்போதே சேரலாமா?

வேலையை விடாதீர்கள். முழுநேரம் படிக்க மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். பாடக்காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது. அந்த ஆண்டுகள், வேலை விசா வழியாக நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது கணக்கில் சேராது. மாணவர் விசாவில் பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கோ வேலை செய்யவே அனுமதி கிடையாது. உங்கள் கையில் இருக்கும் விசாவில், வேலை நேரம் பாதிக்காதவரை, பகுதிநேரமாகப் படிக்கலாம். புரொஃபெஷனல் டாக்டரேட் உங்களைப் போல வேலையில் இருப்பவர்களுக்காகவே ஏற்பட்ட படிப்பு.

இது பிஎச்.டி.யை விடக் குறைந்ததோ என்று சந்தேகம் வேண்டாம். இரண்டுமே இங்கே 8ஆம் நிலை, அதாவது உச்ச நிலைப் பட்டங்கள்தான். இரண்டிலும் கடைசியில் வெளித்தேர்வாளர் முன்னால் வைவா (வாய்மொழித் தேர்வு) உண்டு. ஆனால் இதில் முதல் ஓரிரு ஆண்டுகள் ஆய்வு முறைகளை வகுப்பாகவே சொல்லிக்கொடுப்பார்கள், கட்டுரைகள் எழுத வேண்டும், அப்புறம்தான் ஆய்வு. ஆய்வேடும் பிஎச்.டி.யை விடச் சற்றுச் சிறியது. பகுதிநேரமாகச் செய்தால் நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். பாதியில் நிறுத்த நேர்ந்தாலும், பல பல்கலைக்கழகங்களில் அதுவரை படித்ததற்கு ஒரு கீழ்நிலைப் பட்டம் தருவார்கள். சேரும் முன் இதைக் கேட்டு வையுங்கள்.

இப்போதே சேரலாமா என்பதற்கு என் பதில்: உங்கள் சேமிப்பிலிருந்து கட்டணம் கட்டுவதாக இருந்தால் பொறுங்கள். நிரந்தர வசிப்புரிமை இல்லாதவரை பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் கேட்பார்கள், பல இடங்களில் அது உள்நாட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2018 முதல் இங்கிலாந்தில் முனைவர் படிப்புக்கு அரசுக் கடன் இருக்கிறது, மொத்தமாகச் சுமார் 30,000 பவுண்டு. புரொஃபெஷனல் டாக்டரேட்டுக்கும் அது உண்டு. ஆனால் வேலை விசாவில் இருப்பவருக்குப் பொதுவாகக் கிடைக்காது.

முதலாளி கட்டணம் கட்ட முன்வந்தால் சந்தோஷம்தான், ஆனால் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். படிப்பு முடிந்து இத்தனை காலத்துக்குள் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். விசா ஸ்பான்சரும் அவர்களே என்னும்போது, வேலை பிடிக்காமல் போனாலும் இடம் மாற முடியாத நிலை வரும். நம் ஆட்கள் சிலர் அப்படி மாட்டிக்கொண்டதைப் பார்த்துப் பார்த்து மனம் வெதும்பியதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பணத்தை விட நேரம்தான் சிக்கல். குறைந்தது 250 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் 26 வாரம் முடித்த ஊழியர், வேலைக்குப் பயன்படும் படிப்புக்கு நேரம் கேட்டு விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சிறிய கேர் ஹோமில் மேனேஜரின் மனசுதான் சட்டம். வகுப்பு நாட்கள் முன்கூட்டியே தெரியும் என்பதால், அந்த நாட்களில் ஷிப்ட் போடமாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது அடுத்த ரோட்டா (ஷிப்ட் அட்டவணை) வரும்போது மறந்துபோகும்.

இனி ஆய்வுத் தலைப்பு. உங்கள் வேலையே உங்கள் பெரிய பலம், கவனம் தேவைப்படுவதும் அங்கேதான். டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள முதியவர்களின் வலியை இரவு ஷிப்டில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்பதைத்தான் என் ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டேன். வாய்விட்டு வலிக்கிறது என்று சொல்ல முடியாதவர்கள் அவர்கள். முகச் சுளிப்பையும், திரும்பிப் படுக்கும்போது வரும் முனகலையும் வைத்துப் புரிந்துகொள்ளும் கேர் அசிஸ்டன்ட்களின் அறிவு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு வெகுநாளாக இருந்தது.

முதியவர்களையே ஆய்வில் சேர்த்திருந்தால் 2005ஆம் ஆண்டின் மென்ட்டல் கெப்பாசிட்டி சட்டம் (தானாக முடிவெடுக்கும் திறன் இல்லாதவர்களைக் காக்கும் சட்டம்) குறுக்கே வந்திருக்கும். தானாகச் சம்மதம் தரும் திறன் இல்லாதவரை ஆய்வில் சேர்க்க, அதற்கென அனுமதி பெற்ற நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும், அவரைப் பற்றி அக்கறை உள்ள ஒருவரிடம் ஆலோசனையும் கேட்க வேண்டும். அது நியாயமான காவல்தான். ஆனால் பகுதிநேரமாகப் படிப்பவருக்கு மாதக்கணக்கில் காலம் பிடிக்கும். அதனால் நான் ஊழியர்களிடம் மட்டுமே பேசினேன், அதுவும் எனக்குக் கீழே வேலை செய்யாதவர்களிடம். அவர்களின் ரோட்டா என் கையில் இருந்தால், நான் கேட்கும் கேள்விக்கு அவர்கள் மனம்விட்டுப் பதில் சொல்வார்களா?

இன்னொன்று. பேட்டியில் கேட்பதை எல்லாம் ரகசியமாக வைக்க முடியாது. ஒரு முதியவருக்குத் தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் நர்ஸ் என்ற முறையில் நாம் தெரிவித்தே ஆக வேண்டும். சம்மதப் படிவத்திலேயே அதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். என் பேட்டி ஒன்றில் அப்படி ஒரு விஷயம் வெளியே வந்தது. பதிவை நிறுத்தி, சொன்னவரிடம் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று விளக்கிவிட்டு, அன்றே சேஃப்கார்டிங் (முதியவர்களைத் தீங்கிலிருந்து காக்கும்) பொறுப்பாளரிடம் சொன்னேன். படிவத்தில் முன்பே எழுதியிருந்ததால்தான் நான் நம்பிக்கைத் துரோகம் செய்ததாக அந்தப் பெண் நினைக்கவில்லை.

சம்பளம் கூடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தானாகக் கூடாது. என்.எச்.எஸ்.ஸில் (அரசு மருத்துவச் சேவையில்) சம்பளம் பதவிக்குத்தான், பட்டத்துக்கு இல்லை. கன்சல்டன்ட் நர்ஸ் (மூத்த நிபுணர் நர்ஸ்), பல்கலைக்கழக விரிவுரையாளர் போன்ற பதவிகளுக்கு விண்ணப்பிக்கும்போது பட்டம் பெரிதாக உதவும். அப்படி நகரும் எண்ணம் இல்லை, இருக்கும் வேலையே பிடித்திருக்கிறது என்றால், இத்தனை ஆண்டு உழைப்பு வேண்டுமா என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்க வேண்டாம். என்.எம்.சி. (நர்ஸ்களைப் பதிவு செய்யும் இங்குள்ள கவுன்சில்) பதிவைப் புதுப்பிக்க மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து அனுபவக் குறிப்புகள் எழுதத்தானே வேண்டும், அவற்றை மனம் வைத்து எழுதுங்கள். ஷிப்டில் திரும்பத் திரும்ப உங்களை உறுத்தும் விஷயம் எது என்பது அவற்றிலேயே தெரிந்துவிடும். அதை ஒரே பக்கத்தில் எழுதி, அந்தத் துறையில் வழிகாட்டும் ஆசிரியர் இரண்டு மூன்று பேருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். விண்ணப்பம் போடும் முன்பே அவர்கள் பதில் எழுதுவார்கள், பலர் நேரம் ஒதுக்கிப் பேசவும் செய்வார்கள். அந்த ஒரு பக்கத்தை எழுதியதும் எனக்கும் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.